மறதி என்று எழுதினார்கள்

எனக்கு மறதி உண்டு. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் சொல்லப்போகிற விஷயத்தில் எனக்கு இன்னும் ஆறாத கோபம் இருக்கிறது. கோபத்தில் இவள் தன் குறையை மறைக்கிறாள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

திருவொற்றியூரில் ஒரு தர்மக் கமிட்டி நடத்திய பிரசவ விடுதியில் நான் மருத்துவச்சியாக இருந்தேன். டோல்கேட்டுக்கு வடக்கே எண்ணூர் கழிமுகம் வரைக்கும் கடலோரக் குப்பங்கள் எல்லாம் என் பொறுப்பு. யுத்தத்தின்போது குண்டு விழப்போகிறது என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. நான் ஓடவில்லை. மாதம் நிறைந்தவர்கள் எங்கே ஓடுவார்கள்? அவர்கள் இருந்தார்கள், அதனால் நானும் இருந்தேன். எத்தனை பிள்ளைகளைக் கையில் வாங்கினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எந்தக் குடிசையில் எந்தப் பெண்ணுக்குக் கால் முதலில் வந்தது என்று கேட்டால் வாசல் அடையாளத்தோடு சொல்வேன்.

அப்படிப்பட்டவளுக்கு, ஐம்பத்தொன்றாம் வயதில், கத்தரிக்கோலின் பெயர் வரவில்லை. சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்த சமயம் அது. தொப்புள்கொடியைக் கட்டிவிட்டுப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கையை நீட்டினேன். “அதைக் குடு” என்றேன். அவள் துணியைக் கொடுத்தாள். “அது இல்ல, அது” என்றேன். அவள் வெந்நீர்ச் சொம்பைத் தூக்கினாள். “அறுக்கிறது, அறுக்கிறது!” என்று கத்தினேன். அவள் பயந்துபோய்க் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தாள். கை தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆனால் அன்று முழுதும் நான் கத்தரிக்கோல், கத்தரிக்கோல் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து டோல்கேட் சந்தியில் நின்றேன். வண்டிகளும் லாரிகளும் இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தன. நான் ஒரு வீட்டுக்குப் போகிறேனா, ஒரு வீட்டிலிருந்து வருகிறேனா என்று தெரியவில்லை. பையைத் திறந்து சோப்பைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. சரி, வேலை முடிந்துவிட்டது, திரும்பிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்துகொண்டேன். யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு நடந்தேன்.

எனக்குப் பயம் வரக் காரணம் இருந்தது. எனக்கு முன்னால் அதே விடுதியில் வேலை பார்த்த மூத்த மருத்துவச்சி ஒருத்தியை நான் பார்த்திருந்தேன். ஒரே குழந்தையை அடுத்தடுத்து இரண்டு தடவை குளிப்பாட்டினாள் என்று அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்புறம் அவள் ராயபுரத்தில் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, போகிற வருகிற பெண்களிடமெல்லாம் “வலி எடுத்துச்சா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமாகாத பெண்களிடமும் கேட்டாள். ஜனங்கள் சிரித்தார்கள். நான் அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டேன்.

என் பயத்தை ஒரே ஒரு ஆளிடம் சொன்னேன். என் வீட்டுக்காரரிடம். அவர் துறைமுகப் பட்டறையில் ஃபிட்டர். நான் அழுதுகொண்டே சொன்னதை ஆறுதலாகத்தான் கேட்டார். “வயசானா அப்படித்தான் இருக்கும், வுடு” என்றார். அந்த வாரமே ஒரு நாள் வீட்டில் கிரோசின் இல்லை. “நீங்கதானே வாங்கியாறேன்னு சொன்னீங்க?” என்று கேட்டேன். “உன்னயத்தான் வாங்கச் சொன்னேன். மறந்துட்டியா?” என்றார். மறந்திருப்பேன் என்று நானே டின்னைத் தூக்கிக்கொண்டு கியூவில் போய் நின்றேன். அப்புறம் எது இல்லாமல் போனாலும், எது நடக்காமல் போனாலும், அதற்கு ஒரே காரணம்தான். என் தலை. அவர் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போகாததும் என் மறதியால்தான். அவர் கடுதாசி போடாததும் என் மறதியால்தான். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

விடுதியில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். முப்பது வயதுகூட இராது. கெட்டிக்காரி, கைராசிக்காரி, அதில் குறை சொல்ல மாட்டேன். வாசல் மேஜையில் ஒரு ரைட்டர் உட்கார்ந்திருப்பார். வருகிறவர்களின் பெயர் எழுதுவது, வெளிப்பிரசவத்துக்கு ஆள் வந்து சொன்னால் சீட்டில் எழுதி எங்களிடம் கொடுப்பது, இதுதான் அவர் வேலை. சின்ன வயது, அழகான கையெழுத்து. டாக்டருக்கு அவர்மேல் நல்ல நம்பிக்கை.

ஒரு புதன்கிழமை டாக்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அறைக்குள் ரைட்டரும் நின்றுகொண்டிருந்தார்.

“முகத்துவாரக்குப்பத்துல எட்டு மாசக் கர்ப்பிணி ஒருத்திக்கு ரத்தம் படுது, உடனே வரணும்னு திங்கட்கிழமை காலைல அவ புருஷன் வந்து சொல்லியிருக்கான்” என்றார் டாக்டர். “நீங்க போகலை. மத்தியானம்வரைக்கும் பார்த்துட்டு, அவங்களே வண்டி பிடிச்சு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. தாய் பிழைச்சுட்டா. குழந்தை செத்துப்போச்சு. ஏன் போகலை?”

“எனக்கு யாரும் சொல்லலையே டாக்டர். சீட்டே வரலையே” என்றேன்.

“ஏழரை மணிக்கு உங்க கையிலேயே குடுத்தேனேம்மா” என்றார் ரைட்டர். குரலில் மரியாதை ஒழுகியது. “நாலா மடிச்சுப் பைக்குள்ள வெச்சீங்க. என் கண்ணால பார்த்தேன்.”

நாலாக மடித்து! அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கவிழ்த்தது. நான் சீட்டை நாலாக மடிக்கிறவள்தான். இருபது வருஷப் பழக்கம். அவர் சொன்ன மாத்திரத்தில் அந்தச் சீட்டு என் விரல்களுக்கு நடுவே மடிவது எனக்குத் தெரிந்தது. பையின் வாயைத் திறந்து உள்ளே போடுவதும் தெரிந்தது. நடக்காத ஒன்றை என் மனசு எனக்கே படம் போட்டுக் காட்டியது.

டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். “இன்னிக்கு என்ன தேதி?” என்று கேட்டார். சொன்னேன். “நம்ம பிரதம மந்திரி யாரு?” சொன்னேன். “நூத்துல இருந்து ஏழு ஏழாக் கழிச்சுக்கிட்டே வாங்க.”

தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு. அங்கே நின்றுவிட்டேன். கடைசி மாதவிலக்கைச் சொன்னால் விரலை மடக்காமல் பிரசவத் தேதியைச் சொல்லுகிறவள் நான். ஆனால் ஒரு குழந்தை செத்துப்போயிருந்தது. அந்தத் தாய் எந்தப் பாயில் கிடந்திருப்பாள், யார் அவள் காலைப் பிடித்திருப்பார்கள் என்று என் மனசு குப்பத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எழுபத்திரண்டிலிருந்து ஏழு போனால் எனக்கென்ன? ரைட்டர் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கீழ் உத்தியோகஸ்தனை நிற்கவைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளையின் புத்தியைச் சோதித்துப் பார்ப்பது எந்த ஊர் வழக்கம்?

அதை நான் அப்போது கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதில் நான் சொன்னது என்ன தெரியுமா? “குடுத்திருப்பார் டாக்டர். எனக்குத்தான் ஞாபகம் இல்ல.”

இவ்வளவு காலத்தில் நான் சொன்ன வார்த்தைகளிலேயே மோசமானது அதுதான்.

டாக்டர் என் சர்வீஸ் புத்தகத்தை வரவழைத்து, என் எதிரிலேயே இங்கிலீஷில் எழுதினார். வயது காரணமாக ஞாபக சக்தி குறைந்துவிட்டது, வெளிப்பிரசவ வேலைக்குத் தகுதியில்லை என்று அதற்கு அர்த்தம். பிரசவப் பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். என்னைத் துணி அறையில் போட்டார்கள். வண்ணானிடமிருந்து வருகிற படுக்கை விரிப்புகளை எண்ணி அடுக்குவது வேலை. எண்ணி முடித்த பிறகு இன்னொருத்தி வந்து மறுபடி எண்ணுவாள்.

நாலு வாரம் எண்ணினேன். சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் குழந்தை ஆணா பெண்ணா என்றுகூட யாரும் எனக்குச் சொல்லவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் சொல்லாமல், எண்ணூருக்கு ரயில் ஏறினேன். ஸ்டேஷனிலிருந்து முகத்துவாரக்குப்பத்துக்கு மணலில் நடை. வெயில் கொளுத்தியது. மன்னிப்புக் கேட்கப் போகிறவளுக்குக் கால் எப்படி எழும்? நின்று நின்று போனேன்.

குழந்தையைப் பறிகொடுத்தவளின் வீட்டை விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, பார்க்கவே முடியவில்லை. புருஷன் கொஞ்சம் தள்ளி வலையைக் காலில் மாட்டிக்கொண்டு கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நான்தாம்மா வராதவ” என்றேன். “சீட்டு என் கைக்கு வந்துச்சு. நான் மறந்துட்டேன். வேணும்னு செய்யல. என்னை நீ மன்னிக்கணும்.”

புருஷன்தான் வலையைக் கீழே போட்டான். “இன்னா சொல்ற நர்ஸம்மா? உன் கையில எப்போ சீட்டு வந்துச்சு?”

“நீ வந்து சொன்னியே, திங்கக்கெழம ஏழரை மணிக்கு. அப்பத்தான் குடுத்தாராம்.”

“நான் வந்தப்போ நீ அங்க எங்க இருந்த?” என்று எழுந்து நின்றான். “நர்ஸம்மா எங்கன்னு கேட்டேன். பிரசவத்துக்குப் போய்கீது, வந்தா சொல்றேன்னாரு ரைட்டரு. சீட்டுல எழுதினாரு, டிராயருல போட்டு மூடினாரு. நான் வாசல்லயே குந்திகினு இருந்தேன். எட்டரை வரிக்கும் இருந்தேன். ‘இங்க குந்தாத, பேஜாரு பண்ணாத, வூட்டுக்குப் போ, நர்ஸம்மா வந்துடும்’னு தொரத்திட்டாரு. நீ வருவ வருவன்னு இங்க பாத்துகினே இருந்தோம்.”

“நல்லா ஞாபகம் கீதா ஒனக்கு?” என்று அவன் பாஷையிலேயே கேட்டேன்.

“பெத்த புள்ளய மண்ணுல வெச்சவன் நானு. அந்த நாளு எனக்கு மறக்குமா?” என்றான்.

அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். “நான் ஒன்னத் திட்டிகினே கெடந்தேன் நர்ஸம்மா. ஆஸ்பத்திரில படுத்துகினு நாளெல்லாம் திட்டினேன். உன் கை வெளங்காம பூடணும்னு சாமியாண்ட சொன்னேன்.” அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “பொண்ணு. மூக்கும் முழியுமா இருந்துச்சு.”

அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் அழுதோம். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், என் அழுகையில் பாதி ஆத்திரம். என் கை விளங்காமல் போக வேண்டும் என்று ஒருத்தி சாமியிடம் சொல்லியிருக்கிறாள், நான் செய்யாத ஒன்றுக்காக!

திரும்பும் ரயிலில்தான் எனக்கு என் கேஸ் நோட்டு ஞாபகம் வந்தது. நான் பார்க்கிற ஒவ்வொரு பிரசவத்தையும் நேரம் போட்டு எழுதிவைக்கிற நோட்டு அது. பையைப் பிடுங்கினார்கள், நோட்டை யாரும் கேட்கவில்லை. நாலு வாரமாக வீட்டு அலமாரியில்தான் கிடந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் எடுத்துப் பிரித்தேன். திங்கட்கிழமை. திருவொற்றியூர், நெசவுக்காரர் வீடு. காலை ஆறு ஐம்பது, ஆண், ஏழு ராத்தல். நஞ்சுக்கொடி தாமதம். ஒன்பதே காலுக்குப் புறப்பட்டேன். எல்லாம் என் கையெழுத்து. ஏழரை மணிக்கு நான் அந்த வீட்டில், நஞ்சு விழுவதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பிரசவம் செவ்வாய்க்கிழமை நடந்தது என்றே என் மனசில் இருந்தது. அது என் மறதிதான். ஒரு நாள் தவறிப்போன மறதி. அதற்குமேல் எதுவும் என்னுடையது இல்லை.

ஆனால் நாலு வாரமாக அந்த நோட்டைப் புரட்டிப் பார்க்க எனக்கு ஏன் தோன்றவில்லை? டாக்டருக்கு ஏன் தோன்றவில்லை? கிழவிக்குப் புத்தி போய்விட்டது என்று ஆன பிறகு நோட்டை எவர் புரட்டுவார்?

மறுநாள் காலையில் அந்தப் புருஷன் கடலுக்குப் போகாமல் எனக்காக விடுதிக்கு வந்தான். இரண்டு பேரும் டாக்டர் அறைக்குப் போனோம். ரைட்டரையும் கூப்பிடச் சொன்னேன். நோட்டை விரித்து மேஜைமேல் வைத்தேன். அவன் நடந்ததைச் சொன்னான்.

“குப்பத்து ஆள் ஏதோ குழப்பிக்கிறான் டாக்டர்” என்று ரைட்டர் ஆரம்பித்தார்.

“யார்ரா கொழப்புறது?” என்று அவன் ஒரு அடி முன்னே வந்தான். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

டாக்டர் நோட்டை இரண்டு தடவை படித்தார். “ஏழரைக்கு இவங்க இங்க இல்லவே இல்ல. எப்படி இவங்க கையில குடுத்தீங்க?” என்று ரைட்டரைக் கேட்டார். அவர் முகம் கறுத்துவிட்டது. அன்றைக்கு வேலை ஜாஸ்தி, வாரக்கடைசி ரிஜிஸ்தரெல்லாம் சேர்ந்துகிடந்தது, சீட்டை டிராயரில் போட்டதே மறந்துபோயிற்று, விஷயம் பெரிதானதும் பயந்துவிட்டேன் என்று கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அப்பா! மறந்தது யார் பாருங்கள். இருபத்தெட்டு வயது. அவரை யாரும் நூறிலிருந்து ஏழு கழிக்கச் சொல்லவில்லை.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “நீங்க ஏன் அப்பவே சொல்லலை?”

அதுவரைக்கும் நான் குரலை உயர்த்தவில்லை. “சொன்னேன்” என்றேன். “எனக்கு யாரும் சொல்லலைன்னுதான் வாயைத் தொறந்ததும் சொன்னேன். அதை நீங்க காதுல வாங்கல. பிரதம மந்திரி யாருன்னு கேட்டீங்க.”

என் சத்தம் வாசல்வரைக்கும் கேட்டதாம். கர்ப்பிணிகள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்களாம். பார்க்கட்டும்.

கமிட்டி என்ன செய்தது? ரைட்டரை எச்சரித்தார்கள். வேலைப் பளுவில் நேர்ந்த பிழையாம். நான் செய்ததாக நினைத்தபோது அது மூளைக் கோளாறு. அவர் செய்தார் என்று தெரிந்ததும் வேலைப் பளு. சர்வீஸ் புத்தகத்தில் எழுதியதை அடிக்க வேண்டும் என்றேன். கமிட்டிக் காரியதரிசி, ஒரு பெரிய மனிதர், சிரித்துக்கொண்டே, “இன்னும் ரெண்டு வருஷத்துல ரிடையர் ஆகப்போறீங்க, அது இருந்தா என்னம்மா, போனா என்ன?” என்றார். அடிக்கிறவரைக்கும் நான் துணி அறைக்குள் போக மாட்டேன் என்றேன். இரண்டு நாள் வாசல் பெஞ்சில், கர்ப்பிணிகளோடு கர்ப்பிணியாக உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் டாக்டரே புத்தகத்தை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்கு வந்தார். சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு, தவறான தகவலின்பேரில் எழுதியது என்று பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் காட்டினார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. பிரசவப் பையையும் அவரே கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். சரி, அந்த மட்டும் மனுஷிதான் என்று வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “நல்லாக் கேட்ட, வுடாதே” என்று அவரும் எனக்காகக் கோபப்பட்டார். “அது இருக்கட்டும்” என்றேன். “அந்தக் கிரோசின் விஷயம். நீங்க என்னை வாங்கச் சொன்னீங்களா?”

அவர் பீடியைப் பற்றவைத்தார். பற்றிக்கொள்ளவில்லை. மறுபடி பற்றவைத்தார். “இன்னாத்துக்கு இப்போ அது?” என்றார்.

“சொன்னீங்களா, இல்லியா?”

“இல்ல” என்றார். கொஞ்சம் சிரித்துக்கூடப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. ஒரு மாதம் அவருக்குச் சோறு போட்டேன், பேசவில்லை. அதற்கப்புறம் அந்த வீட்டில் “மறந்துட்டியா” என்ற பேச்சு எழவில்லை. நிஜமாகவே நான் எதையாவது மறந்தபோதுகூட அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார். மறந்தேன், பல தடவை மறந்தேன். கையில் எப்போதும் ஒரு பென்சிலும் நோட்டும் வைத்துக்கொண்டேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து, ரிடையராக நாலு மாதம் இருக்கும்போது, முகத்துவாரக்குப்பத்து ஆள் மறுபடி வந்தான். ரைட்டர் மேஜையைத் திரும்பியும் பார்க்காமல் நேராக உள்ளே நுழைந்து, நான் கை கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கே வந்துவிட்டான்.

“நர்ஸம்மா, அதுக்கு வலி எடுத்துகிச்சு. விடியக்காலைலேர்ந்து. ரத்தமெல்லாம் ஒண்ணும் இல்ல. நீ இப்பவே வரணும்.”

“சரி, வரேன்” என்றேன்.

அவன் நகரவில்லை. “நான் இன்னா சொன்னேன், திருப்பிச் சொல்லு.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவளை ஒரு ஆள் பாடம் ஒப்பிக்கச் சொல்கிறான்! முறைத்தேன். அவனும் முறைத்தான். கண் கலங்கியிருந்தது அவனுக்கு.

“உன் பெண்ஜாதிக்கு விடியக்காலைலேர்ந்து வலி. ரத்தம் படல. நான் இப்பவே வரணும்” என்றேன், ஒவ்வொரு சொல்லாக.

“அக்காங்” என்று தலையாட்டிவிட்டு அவனே என் பையைத் தூக்கிக்கொண்டான். பத்து மணி ரயிலைப் பிடித்தோம். மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறந்தது. மறுபடியும் பெண். ஆறே முக்கால் ராத்தல். நன்றாக அழுதது.